ஆமென் சொன்னால் கணக்கு

என் மகளுக்கு அப்போது எட்டு வயது. ஒருநாள் காலை ஜெபத்தில் அவள் முறை வந்தது. அப்பா, அம்மா, ஆச்சி, தாத்தா என்று தொடங்கினாள். பெரியப்பா வீட்டாருக்காக ஜெபித்தாள். கீழ்வீட்டு நாயின் கால் சரியாக வேண்டும் என்றாள். பால் பாக்கெட் போடும் அண்ணன், தண்ணீர் லாரி ஓட்டுபவர், அத்திப்பள்ளி சிக்னலில் பேனா விற்கும் பையன் என்று பட்டியல் நீண்டுகொண்டே போனது. என் மனைவி கண்ணைத் திறக்காமலேயே உருகிப்போயிருந்தாள். எனக்கும் தொண்டை அடைத்தது. இரண்டு வருட உழைப்பு வீண்போகவில்லை, பிள்ளைக்குப் பாரம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றைக்கு மத்தியானம் சாப்பிடும்போது கேட்டேன். "காலைல எவ்வளவு அழகா ஜெபம் பண்ணுன, யாருடா சொல்லிக்கொடுத்தா?"

அவள் தட்டிலிருந்து நிமிரவே இல்லை. "ஆமென் சொன்னா கணக்கு ஆரம்பிச்சிரும்லப்பா."

சிரித்தேன். மனைவியும் சிரித்தாள். ஆபீசில் சொன்னேன், அங்கேயும் சிரித்தார்கள். இரண்டு நாள் கழித்துத்தான் அந்த வரி எனக்கு உறைத்தது. என் பிள்ளை கடவுளிடம் பேசவில்லை. கடவுளைக் காட்டி என்னிடமிருந்து தப்பித்துக்கொண்டிருந்தாள். அந்த நிலைக்கு அவளைக் கொண்டுவந்தது நான்.

இந்தக் கட்டுரைக்காக நான் இரண்டு தரப்போடு சண்டை போட வேண்டும். ஒன்று, விசுவாசத்தைக் காரணம் காட்டிப் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து எடுத்து வீட்டில் வைத்திருக்கும் என் சக கிறிஸ்தவர்கள். நேற்றுவரை நானும் அதில் ஒருவன். இன்னொன்று, இதைப் படிக்கும் நீங்கள்.

*

முதலில் உங்களோடு.

வீட்டில் காலை ஜெபம் என்றதும் நம் இலக்கிய நண்பர்கள் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். மூளைச்சலவை, பாவம் குழந்தை என்பார்கள். அதே நண்பர்தான் 'டோட்டோ-சான்' படித்துக் கண்கலங்கியவர். யாரோ ஒரு தம்பதி வேலையை விட்டுவிட்டு, நிலம் வாங்கி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் விதை பொறுக்கவும் மண்குடம் வனையவும் பழக்குகிறார்கள் என்றால் அதைப் பகிர்ந்து "வாழ்க்கைன்னா இது" என்று எழுதுபவர். அங்கே காலையில் எழுந்ததும் சூரியனைப் பார்த்து அமைதியாக உட்கார்வார்களாம். அது தியானம். நாங்கள் பாயை விரித்து ஒரு கீர்த்தனை பாடினால் அது மூளைச்சலவை.

ஒன்று, இரண்டையும் எதிருங்கள். இல்லையென்றால் இரண்டையும் விடுங்கள். தன் பிள்ளைக்குத் தான் நம்புவதைக் கொடுக்காத பெற்றோர் உலகத்தில் கிடையாது. பெரியார் படம் மாட்டிய வீட்டிலும் குழந்தை ஒரு நம்பிக்கைக்குள்தான் கண் விழிக்கிறது. அதில் எனக்கு எந்தக் குற்றமும் தெரியவில்லை. டோட்டோ-சானைப் பற்றி இன்னொன்று. ஒரு பள்ளி அவளை வெளியே அனுப்பியபோது அவள் அம்மா மகளை வீட்டில் வைத்துக்கொள்ளவில்லை. வேறொரு பள்ளியைத் தேடிக் கூட்டிப்போனார். ரயில் பெட்டியில் நடந்தாலும் அது பள்ளிதான். அதில் வேறு வீட்டுப் பிள்ளைகள் இருந்தார்கள்.

ஆகவே ஜெபத்தை நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. என் சண்டை, ஜெபத்தைப் பாடவேளை ஆக்கியதோடுதான்.

*

நாங்கள் ஏன் அதில் இறங்கினோம் என்பதை நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். பைத்தியம் பிடித்து யாரும் இதைச் செய்வதில்லை.

ஓசூரில் என்னைப் போன்றவர்கள் பலர். வேலை எலக்ட்ரானிக் சிட்டியில், வீடு பாகலூர் சாலையிலோ மத்திகிரியிலோ. எல்லை தாண்டினால் வாடகை ஏறிவிடும், அதனால் இந்தப் பக்கம். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. வீடே ஆபீஸ் ஆனது, வீடே பள்ளியும் ஆனது. ஆன்லைன் வகுப்பில் முப்பது சின்ன முகங்கள் கட்டம் கட்டமாக. டீச்சர் பாவம், "மியூட் பண்ணுங்க" என்று சொல்லியே ஓய்ந்துபோனார். ஃபீஸ் மட்டும் ஒழுங்காக வந்தது. பள்ளி திறந்தபோது, இவ்வளவு நாள் நாம்தானே சொல்லிக்கொடுத்தோம், இனியும் நாமே கொடுத்தால் என்ன என்று தோன்றியது.

அதே நேரத்தில் எங்கள் ஐக்கியத்தில் ஒரு பிரதர் இதை ஏற்கெனவே செய்துகொண்டிருந்தார். அவர் வீட்டுப் பிள்ளைகள் பெரியவர்களைப் பார்த்தால் எழுந்து நிற்பார்கள். சங்கீதங்களை அதிகாரம் அதிகாரமாகச் சொல்வார்கள். செல்போன் கேட்டு அழுததே இல்லை. பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். அவர் எங்களுக்கு அமெரிக்கப் பாடத்திட்டம் ஒன்றை அறிமுகப்படுத்தினார். அதில் 'மார்னிங் பாஸ்கெட்' என்று ஒன்று உண்டு. ஒரு கூடை. அதற்குள் வேதாகமம், பாட்டுப் புத்தகம், கவிதை, ஓவியம், ஒரு மிஷனரி வரலாறு. தினமும் காலையில் குடும்பமாகக் கூடையைச் சுற்றி உட்கார வேண்டும்.

சட்டத்தைப் பற்றிக் கேட்டோம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயதுவரை பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. சேர்க்காவிட்டால் பெற்றோருக்கு இன்ன தண்டனை என்று அது சொல்லவில்லை. 14 வயதானால் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் பதிவு செய்யலாம். இந்த இடைவெளியில்தான் இந்தியாவின் வீட்டுக்கல்வி முழுவதும் ஓடுகிறது. எங்களுக்கும் அந்த இடைவெளி போதும் என்று தோன்றியது.

நான் மென்பொருள்காரன். ஒரு வேலையைக் கையில் எடுத்தால் அதற்கு ஒரு ஷீட் போடாமல் தூக்கம் வராது. 6.15 துதி. 6.25 வேதவாசிப்பு. 6.40 மனப்பாட வசனம். 6.50 ஜெபம். 7.00 கணக்கு. ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம், முடித்தால் டிக். ஏழு டிக் சேர்ந்தால் ஒரு ஸ்டிக்கர். எங்கள் ஆபீசில் தினமும் ஸ்டாண்ட்-அப் மீட்டிங் நடக்கும். நேற்று என்ன செய்தாய், இன்று என்ன செய்யப் போகிறாய், எங்கே முட்டுகிறது. மூன்று கேள்விதான். என் வீட்டுக் காலை ஜெபம் அச்சு அசலாக அப்படியே ஆனது. நேற்று என்ன பாவம் செய்தாய், இன்று எந்த வசனம், எதில் ஆண்டவருடைய உதவி வேண்டும். நான்தான் மேனேஜர்.

*

நான் வளர்ந்த வீட்டிலும் குடும்ப ஜெபம் உண்டு. அதில் ஷீட் கிடையாது. இருந்திருக்கவும் முடியாது.

அப்பா தூத்துக்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஐடிஐ ஃபிட்டர் சான்றிதழோடு எண்பதுகளில் ஓசூருக்கு வந்தவர். எழுபதுகளில் சிப்காட் வந்தபிறகு இந்த ஊருக்கு அப்படி வந்தவர்கள் ஆயிரக்கணக்கில். அவருக்கு வாரா வாரம் ஷிப்ட் மாறும். ஏ ஷிப்ட் என்றால் ஐந்து மணிக்கே கம்பெனி பஸ். சி ஷிப்ட் என்றால் காலை ஏழு மணிக்குக் கிரீஸ் வாசனையோடு வீட்டுக்குள் வருவார். அவருடைய இரவு தொடங்கும்போது எங்களுக்குப் பொழுது விடியும். தொழிற்சாலை ஊரில் 'காலை' என்று பொதுவாக ஒன்று கிடையாது. அவரவர் ஷிப்டுக்கு ஏற்ற காலைதான்.

அதனால் எங்கள் குடும்ப ஜெபத்துக்கு நேரம் இருந்ததில்லை, ஒரு வாசல் இருந்தது. யார் வெளியே கிளம்பினாலும் அம்மா கூப்பிடுவாள். "ஏல, நில்லு. ஒரு ஜெபம் பண்ணிட்டுப் போ." அடுப்பில் ஒரு கண், எங்கள் மேல் ஒரு கண். 121ஆம் சங்கீதத்தை மனப்பாடமாகச் சொல்வாள். பயணம் போகிறவர்களுக்குத் தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் சொல்லும் சங்கீதம் அது. சட்டைப் பையில் பஸ் பாஸ் இருக்கிறதா என்று கேட்பதும் அந்த ஜெபத்தோடு சேர்ந்துதான். அப்புறம் கதவைத் திறந்து விடுவாள்.

எத்தனையோ நாள் எனக்கு எரிச்சலாக இருந்திருக்கிறது. பஸ் போய்விடும், பையன்கள் கீழே நின்று கத்துவார்கள். ஆனாலும் அந்த ஜெபத்தில் ஒன்று நிச்சயம். அது முடிந்ததும் நான் வெளியே போய்விடுவேன். அவள் கண்ணுக்கு எட்டாத இடத்துக்கு. அங்கே நான் என்ன ஆவேன் என்று அவளுக்குத் தெரியாது. தெரியாததால்தான் அவள் ஜெபம் பண்ணினாள்.

என் வீட்டில் ஜெபம் முடிந்ததும் பிள்ளை எங்கேயும் போகவில்லை. அதே பாயில், அதே அப்பாவிடம், கணக்கு நோட்டைத் திறந்தாள்.

*

வீட்டுக்கல்விக் கிறிஸ்தவர்கள் முதலில் எடுத்துக்காட்டுவது உபாகமம் ஆறாம் அதிகாரம். கற்பனைகளைப் பிள்ளைகளுக்குக் கருத்தாகப் போதிக்கச் சொல்கிற பகுதி. நானும் அதைப் பிரின்ட் போட்டுச் சுவரில் ஒட்டியிருந்தேன். தினமும் பார்த்துக்கொண்டிருந்ததாலோ என்னவோ, அதைப் படிக்கவே இல்லை.

அங்கே நான்கு வேளைகள் சொல்லப்படுகின்றன. வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது, வழியில் நடக்கும்போது, படுக்கும்போது, எழும்போது. வீடும் இருக்கிறது, வழியும் இருக்கிறது. வழியை அடைத்துவிட்டு வீட்டை மட்டும் வைத்துக்கொண்டோம். வேதத்தில் பாதி வசனத்தைப் பிடித்துக்கொள்பவர்களை நாம் வேறு பெயர் சொல்லித் திட்டுவோம் இல்லையா?

இயேசுவின் பிள்ளைப்பருவத்தைப் பற்றிச் சுவிசேஷங்களில் இருப்பது மிகக் கொஞ்சம். பன்னிரண்டு வயதில் எருசலேமில் காணாமல்போன சம்பவம் லூக்காவில் இருக்கிறது. பண்டிகைக்குப் போன குடும்பம் திரும்புகிறது. பையன் கூட்டத்தோடு வருகிறான் என்று நினைத்துப் பெற்றோர் ஒருநாள் நடந்துவிடுகிறார்கள். மூன்று நாளைக்குப் பிறகு தேவாலயத்தில் கண்டுபிடிக்கிறார்கள். அங்கே போதகர்கள் நடுவில் உட்கார்ந்து அவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டும், அவர்களைக் கேள்வி கேட்டுக்கொண்டும் இருக்கிறார். அப்பா அம்மா அல்லாத பெரியவர்களிடம் கேள்வி! அந்தக் கேள்விகளை நாசரேத்து வீட்டில் கேட்க முடியாமலா போயிருக்கும்? ஆனாலும் அவருக்கு வேறு இடம் வேண்டியிருந்தது.

*

அடுத்த வாதம், "பள்ளிக்கூடம் உலகத்துக்கு உரியது, விசுவாசம் வீட்டுக்கு உரியது" என்பது. இதைச் சொல்கிற தமிழ்க் கிறிஸ்தவருக்குத் தன் வீட்டு வரலாறே தெரியவில்லை என்று அர்த்தம்.

1706இல் சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கினார். அடுத்த வருடமே அங்கே பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி. 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ் சபை வைத்த ஊர்களில் பள்ளியும் வைத்தார். இடையன்குடியில் கால்டுவெல் மொழிகளை ஒப்பிட்டுக்கொண்டிருக்க, அவர் மனைவி எலைசா பெண்பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினார். திருநெல்வேலிப் பக்கம் பல கிராமங்களில் ஞாயிற்றுக்கிழமை கோயிலாக இருந்த அதே ஓலைக்கூரைதான் திங்கட்கிழமை பள்ளிக்கூடம். நம் குடும்ப ஜெபங்களில் இன்றும் பாடும் கீர்த்தனைகளை எழுதிய வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) சிறுவயதிலேயே வீட்டை விட்டுத் தஞ்சாவூரில் ஷ்வார்ட்ஸ் ஐயரிடம் படிக்கப் போனவர். அவர் வீட்டிலேயே இருந்திருந்தால் நம் காலை ஜெபத்தில் பாடுவதற்குப் பாதிப் பாட்டு இருந்திருக்காது.

மிஷனரிகள் புனிதர்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் அரசியலைப் பற்றி எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் சொல்வது சின்ன விஷயம். இந்த மண்ணில் நம் விசுவாசம் பள்ளிக்கூடத்தைத் திறந்துகொண்டுதான் வந்தது. விசுவாசத்தின் பெயரால் பள்ளிக்கூடத்துக்கு முதுகைக் காட்டுவது இங்கே முளைத்த யோசனை இல்லை. அமெரிக்காவிலிருந்து வந்தது. அங்கே பள்ளிகளில் டார்வினா ஆதியாகமமா என்று நடந்த சண்டை வேறு. அந்தக் காயத்துக்குப் போட்ட கட்டை எடுத்து, அடியே படாத நம் காலில் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

இந்த இடத்தில் என் தாத்தாவைச் சொல்லியாக வேண்டும். அவர் அப்பா பனையேறி. தாத்தாவும் வீட்டிலேயே படித்திருந்தால் பாடத்திட்டம் ஒன்றுதான்: தளைநார் போடுவது, பாளை சீவுவது, கலயம் கட்டுவது. அருமையான கல்வி அது, கையும் காலும் கண்ணும் சேர்ந்து கற்பது. மாற்றுக்கல்விக் கட்டுரைகளில் வர்ணிக்க நன்றாக இருக்கும். தாத்தாவை மிஷன் பள்ளி கூப்பிட்டு உட்காரவைத்தது. ஐந்தாம் வகுப்பு. அப்பா ஐடிஐ. நான் பொறியியல். என் மகளை வீட்டுக்குள் வைக்கும் வசதி எனக்கு எங்கிருந்து வந்தது? மூன்று தலைமுறை வீட்டை விட்டு வெளியே போனதில் வந்தது.

ஓசூர்க்காரர்களுக்கு இதைப் புரியவைக்க ரொம்ப தூரம் போக வேண்டாம். தொரப்பள்ளி வரை போனால் போதும். ராஜாஜி பிறந்த ஊர். வீடு நினைவில்லமாக இருக்கிறது. 1953இல் முதலமைச்சராக இருந்தபோது அவர் ஒரு திட்டம் கொண்டுவந்தார். கிராமத்துத் தொடக்கப்பள்ளிகளில் பிள்ளைகளுக்குத் தினம் மூன்று மணி நேரம்தான் வகுப்பு. பள்ளியே ஷிப்ட் முறையில் நடக்கும். மீதி நேரம் வீட்டுத் தொழிலைப் பார்க்கலாம். ஆசிரியர் பற்றாக்குறை, கைத்தொழிலுக்கு மரியாதை என்று அவருக்குக் காரணங்கள் இருந்தன. தமிழ்நாடு அதைக் குலக்கல்வி என்று ஒரே வார்த்தையில் எடைபோட்டது. பெரியாரும் திமுகவும் எதிர்த்தார்கள், காங்கிரஸுக்குள்ளேயே எதிர்த்தார்கள். 1954இல் ராஜாஜி விலகினார். அடுத்து வந்த காமராஜர் ஆட்சி திட்டத்தைக் கைவிட்டது.

அந்தச் சண்டையிலிருந்து நாம் கற்றது, வீடு தன்னிடம் இருப்பதைத்தான் பிள்ளைக்குக் கொடுக்கும் என்பது. பனையேறி வீடு பனையைக் கொடுக்கும். புரோகிதர் வீடு மந்திரத்தைக் கொடுக்கும். ஐடி வீடு லேப்டாப்பையும் இங்கிலீஷையும் கொடுக்கும். 'வீடே சிறந்த பள்ளி' என்ற வாக்கியம் எந்த வீடு என்ற கேள்வியை மறைத்துக்கொண்டுதான் அழகாக இருக்கிறது. எங்கள் வட்டத்தில் வீட்டுக்கல்வி கொடுத்த ஒருவர்கூட ஷிப்டுக்குப் போகிறவர் இல்லை. ஒரு தாயின் முழுநேர உழைப்பு இல்லாமல் ஒரு வீட்டிலும் அது நடக்கவும் இல்லை. என் வீட்டில் என் மனைவி வேலையை விட்டாள். கூடையைத் தூக்கியது அவள். ஷீட் மட்டும்தான் என்னுடையது.

*

உரிமைக்கு வருவோம். பிள்ளையை எப்படி வளர்ப்பது என்பது பெற்றோரின் உரிமை, விசுவாசம் அதைவிடப் பெரிய உரிமை என்பார்கள். சரி, இரண்டு வழக்குகளைப் பார்க்கலாம்.

1972இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன விஸ்கான்சின் எதிர் யோடர் வழக்கு. ஆமிஷ் பெற்றோர் எட்டாம் வகுப்புக்கு மேல் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப மறுத்தார்கள். ஆளுக்கு 5 டாலர் அபராதம். மத உரிமை என்று வாதாடி வென்றார்கள். வீட்டுக்கல்விக்காரர்கள் இதைக் கொண்டாடுவார்கள். அந்தப் பிள்ளைகளும் எட்டாம் வகுப்புவரை பள்ளிக்குப் போனவர்கள் என்பதைச் சொல்ல மறந்துவிடுவார்கள். அந்தத் தீர்ப்பில் நீதிபதி டக்ளஸ் மட்டும் ஒரு பகுதியில் மாறுபட்டார். பெற்றோரின் உரிமையைப் பற்றியே பேசுகிறோம், அந்தப் பிள்ளைகளுக்கு என்ன வேண்டும் என்று அவர்களையும் கேட்க வேண்டாமா என்பது அவர் எழுப்பிய பிரச்சினை.

இன்னொன்று நம் பக்கத்து மாநிலம். 1985இல் கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் சபையைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். காலை வணக்கத்தில் தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்றார்கள். ஆனால் பாடவில்லை, அவர்கள் விசுவாசம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. 1986 ஆகஸ்ட் 11 அன்று நீதிபதி ஓ.சின்னப்ப ரெட்டி எழுதிய தீர்ப்பு பிள்ளைகளைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. பிஜோ இம்மானுவேல் வழக்கு என்று சட்டம் படித்தவர்கள் எல்லாருக்கும் தெரியும்.

அந்தக் குடும்பத்தின் இறையியல் எனக்கு ஒப்பாது. ஆனால் அந்தத் தகப்பன் என்ன கேட்டார் என்று பாருங்கள். காலையில் வீட்டில் கற்ற விசுவாசத்தோடு என் பிள்ளைகள் அந்த வரிசையில் போய் நிற்பார்கள், அவர்களை உள்ளே விடு என்று கேட்டார். மற்ற பிள்ளைகள் வாய் திறந்து பாட, வாயை மூடிக்கொண்டு நிற்க ஒரு சின்னப் பிள்ளைக்கு எவ்வளவு தைரியம் வேண்டும்! என் ஷீட்டில் அந்தத் தைரியத்துக்குக் கட்டம் இல்லை. எதிரே இன்னொருவர் இல்லாத இடத்தில் அது முளைக்கவும் செய்யாது.

*

இனி, நான் தவிர்த்துக்கொண்டிருந்த இடத்துக்கு வருகிறேன்.

கணக்குச் சம்பவம் நடந்து இரண்டு மாதம் இருக்கும். ஒரு வியாழக்கிழமை சுவரிலிருந்த ஷீட்டைப் பார்த்தேன். வெள்ளி, சனி, ஞாயிறுக்கும் சேர்த்து டிக் போடப்பட்டிருந்தது. துதி, வாசிப்பு, வசனம், ஜெபம், எல்லாக் கட்டமும். நாங்கள் ஆபீசில் டைம்ஷீட் போடுவது இப்படித்தான். நடக்காத நாளுக்கும் சேர்த்து நிரப்பிவிட்டு வீட்டுக்குப் போவோம்.

கூப்பிட்டுக் கேட்டேன். கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை, அமைதியாகக் கேட்டேன். அது இன்னும் மோசம். அவள் அழத் தொடங்கினாள். அழுதுகொண்டே கேட்டாள்: "எனக்கு ஜெபம் பண்ணத் தோணலைன்னா நான் யார்கிட்டப்பா சொல்றது?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. சின்ன வயதில் எனக்குத் தோன்றாமல் போனபோது நான் யாரிடம் சொன்னேன்? பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனிடம். தமிழ் ஐயாவிடம் ஒருமுறை. அவர் திருநீறு பூசியவர். "தோணாதப்பவும் உங்கம்மாவுக்காக நில்லு" என்றார். ஓய்வுநாள் பள்ளி அக்காவிடம் சொன்னதுண்டு. என் வீட்டுக்கும் என் கடவுளுக்கும் இடையில் எத்தனையோ ஆட்கள் நின்றிருந்தார்கள். நான் சந்தேகப்பட்டது என் அம்மாவுக்குத் தெரியாது. தெரியாமலேயே அது வந்தது, சில வருடம் இருந்தது, போனது. இன்னும் முழுசாகப் போகவில்லை. ஆனால் இப்போது நான் ஜெபம் பண்ணுவது என் சொந்த ஜெபம்.

என் மகளுக்கு அப்பா நான், வாத்தியார் நான், போதகரும் நான். மூன்று நாற்காலியிலும் ஒரே ஆள். அவளுக்குக் கடவுள்மேல் கோபம் வந்தால் அது என்மேல் வந்த கோபம். கணக்கு வராவிட்டால் அது விசுவாசக் குறைவு. வசனத்தை மறந்தால் அப்பாவின் முகம் வாடும். இப்படிப்பட்ட பிள்ளைக்கு மிச்சம் இருப்பது ஒரே வழி: பொய். அதைத்தான் அவள் கச்சிதமாக, கட்டம் தவறாமல் செய்திருந்தாள். பரிசேயர்களைப் பற்றி ஞாயிறு தோறும் கேட்கிறோம். எட்டு வயதில் ஒரு பரிசேயரைத் தயாரிப்பது எப்படி என்று கேட்டால் நான் ஷீட்டோடு விளக்க முடியும்.

நான் சொல்வது இதுதான். பிள்ளைக்கு விசுவாசத்தைக் கொடுங்கள், தினமும் கொடுங்கள், காலையில் முதல் வேலையாகக் கொடுங்கள். ஆனால் அதை நீங்கள் பார்க்காத இடத்துக்கு எடுத்துப்போக விடுங்கள். அங்கே அது தொலையலாம். தொலையவே முடியாத இடத்தில் வைத்துக் காப்பாற்றினால் அது கடைசிவரை உங்களுடைய விசுவாசம்தான், பிள்ளையுடையது ஆகாது.

*

"பள்ளிக்கூடம் என்ன சொர்க்கமா?" என்று எங்கள் பிரதர் கேட்பார், தெரியும். இல்லை. எனக்குத் தெரிந்தே அடி உண்டு, அவமானம் உண்டு, சாதி உண்டு, மனப்பாடம் உண்டு. கழிப்பறை பற்றிப் பேச ஆரம்பித்தால் இந்தக் கட்டுரை முடியாது. பிள்ளையின் உயிருக்கோ மனதுக்கோ ஆபத்து என்றால், பள்ளியால் தாங்க முடியாத உடல்நிலை என்றால், வீட்டில் வையுங்கள். அந்தப் பெற்றோரோடு எனக்குச் சண்டை இல்லை.

எங்களைப் போன்றவர்கள் விலகியது ஆபத்தினால் இல்லை, அலுப்பினால். அதே கல்வி உரிமைச் சட்டம் அரசுப் பள்ளிகளிலும் உதவிபெறும் பள்ளிகளிலும் பள்ளி மேலாண்மைக் குழு வேண்டும் என்கிறது. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்கள். கேள்வி கேட்கத் தெரிந்த, மனு எழுதத் தெரிந்த, பயப்படாத பெற்றோர் எல்லாரும் கூடையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டால் அந்தக் குழுவில் யார் பேசுவது? சி ஷிப்ட் முடிந்து தூங்கப்போகும் அப்பாவா? அயலானை நேசிக்கச் சொல்கிற மார்க்கத்துக்காரன், அயலான் பிள்ளை படிக்கும் இடத்தைக் காலி செய்துவிட்டு வீட்டில் உட்கார்ந்து அயலானுக்காக ஜெபம் பண்ணுவது எனக்கு இப்போது கூச்சமாக இருக்கிறது.

இரண்டு வருடமும் என் மகளுக்குத் தெரிந்த பிள்ளைகள் எல்லாரும் எங்கள் ஐக்கியத்துப் பிள்ளைகள். ஓசூரில் இருந்துகொண்டு! ஒரு தெருவில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது, இந்தி, ஒடியா எல்லாம் கேட்கும் ஊர் இது. கூடைக்குள் ஆப்பிரிக்க மிஷனரி வரலாறு இருந்தது. கீழ்வீட்டு ஒடியாக் குடும்பத்துப் பெண்ணின் பெயர் அவளுக்குத் தெரியாது.

*

இப்போது பள்ளிக்குப் போகிறாள். பெரிய பள்ளி ஒன்றும் இல்லை. முதல் மாதம் கஷ்டப்பட்டாள். கன்னடத்தில் இரண்டு வசவு கற்றுக்கொண்டு வந்தாள். பெஞ்சில் பக்கத்தில் உட்காரும் பெண் ரம்ஜான் மாதத்தில் மத்தியானம் சாப்பிடவில்லை என்பதைப் பார்த்துவிட்டு, "நம்மளும் ஏன் அப்படி இருக்கறதில்ல?" என்று கேட்டாள். லெந்து காலத்தில் நாமும் இருப்பதுண்டு என்று நான் சொன்னதற்கு, "நீங்க இருந்து நான் பார்த்ததே இல்லையே" என்றாள். உண்மைதான். அந்த வருடம் நான் இருந்தேன்.

என் மனைவிக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. இப்போதும் அவசரப்பட்டுவிட்டோம் என்றுதான் நினைக்கிறாள். அவள் சரியாகவும் இருக்கலாம். பிள்ளை பதினாறு வயதில் சபைக்கு வர மாட்டேன் என்றால், இந்தக் கட்டுரையை என் முன்னால் எடுத்துப் போடுவாள். வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

ஷீட்டைக் கிழித்துவிட்டோம். கூடை வெங்காயத்துக்கு ஆயிற்று. வேன் ஏழே முக்காலுக்கு வரும். ஒரு சின்னப் பாட்டு, சில நாள் அதுவும் இல்லை. வாசலில் செருப்பு மாட்டும்போது அவள் தலையில் கை வைத்து என் அம்மா சொல்லும் அதே சங்கீதத்தைச் சொல்கிறேன். பாதியில் ஹாரன் அடிக்கும். "ஆமென்பா, ஆமென்" என்று அவளே முடித்துவிட்டுப் படியிறங்கி ஓடுவாள்.

ஆமெனை இழுத்துக்கொண்டே போன பிள்ளை இப்போது அவசரமாகச் சொல்கிறாள். அவள் உள்ளே என்ன ஜெபிக்கிறாள், ஜெபிக்கிறாளா இல்லையா என்று எனக்குத் தெரியாது. அதனால் வேன் தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்று நான் ஜெபம் பண்ணுகிறேன்.